மகனின் பல்லில் வைத்த சிமெண்ட்

ஈசூனில் வசிக்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கும் நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது:

“சென்ற டிசம்பர் பள்ளி விடுமுறையில் என் மகன் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் ஸ்கூட்டர் ஓட்டும்போது தூணில் மோதி விழுந்தான். அப்போது அவனுக்கு எட்டரை வயது. இப்போது தொடக்கநிலை 3இல் படிக்கிறான். மேல்வரிசை முன்பல் ஒன்று பாதியாக உடைந்து, உடைந்த இடத்தின் நடுவில் சிவப்பாக ஒரு புள்ளி தெரிந்தது. அன்று மாலையே பல் மருத்துவரிடம் போனோம். அவர் நரம்பின் மேற்பகுதியைக் கொஞ்சம் எடுத்துவிட்டு, அதன்மேல் ‘பயோசெராமிக் சிமெண்ட்’ வைத்து, நாங்கள் தண்ணீரில் போட்டுக் கொண்டுபோன உடைந்த துண்டையே மறுபடி ஒட்டிவிட்டார். பிப்ரவரியிலும் மார்ச்சிலும் பார்த்து நன்றாக இருப்பதாகச் சொன்னார். ஆனால் என் அண்ணி, ‘பிள்ளையின் பல்லில் கட்டடத்துக்குப் பூசுகிற சிமெண்டையா வைத்தார்கள், முதலிலேயே வேர் சிகிச்சை செய்து முடித்திருக்கலாமே’ என்கிறார். சுத்த சைவமான என் மாமியார், செராமிக் பாத்திரத்தில் எலும்புச் சாம்பல் சேர்ப்பார்களே, இதிலும் அப்படியா என்று கேட்கிறார். இதற்கிடையே எனக்கும் கீழ்க் கடைவாய்ப் பல்லில் ஆழமான சொத்தை இருக்கிறது. ஐஸ் கச்சாங் சாப்பிட்டால் சுரீர் என்கிறது, சில விநாடிகளில் போய்விடுகிறது. எனக்கும் அதே சிமெண்டை வைத்துப் பார்க்கலாம் என்கிறார் மருத்துவர். ஜூன் விடுமுறையில் நான்கு வாரம் திருச்சிக்குப் போகிறோம். மகனின் ஆறாம் மாதச் சோதனையும் அப்போதுதான் வருகிறது. தள்ளிப் போடலாமா?”

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் மகனுக்குச் செய்யப்பட்டது சரியான சிகிச்சை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் விவரித்திருப்பதைப் பார்த்தால், அந்த மாலை அவனுடைய பல்லுக்குச் செய்யக்கூடிய மிக நல்ல காரியத்தையே அந்த மருத்துவர் செய்திருக்கிறார். உடைந்த துண்டைத் தேடி எடுத்துத் தண்ணீரில் போட்டுக் கொண்டுபோன உங்கள் சமயோசிதமும் அதில் ஒரு பங்கு. காய்ந்துபோன துண்டை ஒட்டுவதற்கு முன் நாங்கள் இருபது நிமிடமாவது நீரில் ஊறவைக்க வேண்டியிருக்கும், நீங்கள் அந்த வேலையை வழியிலேயே முடித்துவிட்டீர்கள்.

உங்கள் அண்ணியின் கேள்வியைத் தட்டிக்கழிக்க விரும்பவில்லை. முதலிலேயே வேர் சிகிச்சை செய்திருந்தால் என்ன என்பது நியாயமான கேள்வி. பெரியவர் ஒருவருக்கு இதே விபத்து நடந்திருந்தால் அதையும் ஒரு வழியாக நான் எண்ணிப் பார்த்திருப்பேன். எட்டரை வயதுப் பிள்ளைக்கு அப்படி எண்ண முடியாததற்குக் காரணம் பல்லின் வேரில் இருக்கிறது. மேல்வரிசை நடு முன்பற்கள் ஏழு எட்டு வயதில் முளைக்கின்றன. ஆனால் முளைத்தபோதே அவை முழுமையடைந்துவிடுவதில்லை. ஈறுக்கு மேலே பெரிய பல்லாகத் தெரிந்தாலும், உள்ளே வேர் இன்னும் வளர்ந்துகொண்டே இருக்கும். அதன் நுனி மூடுவதற்குப் பத்து வயது வரை ஆகலாம். அதுவரை வேரின் நுனி புனலைக் கவிழ்த்தது போல அகலத் திறந்திருக்கும், சுவர்களோ மெல்லியவை. அந்தச் சுவரை உள்ளிருந்து தடிப்பாக்கி, நுனியைக் குவித்து மூடுவது யார்? நாம் பேச்சுவழக்கில் நரம்பு என்கிறோமே, அந்தப் பற்கூழ்தான். அது வெறும் நரம்பு அன்று. இரத்தக்குழாய்களும், பல்லின் எனாமலுக்கு அடியில் இருக்கும் டென்டினை உற்பத்தி செய்யும் உயிரணுக்களும் சேர்ந்த உயிருள்ள திசு. எட்டரை வயதில் அதை முழுவதும் எடுத்துவிட்டால் வேர் அன்றிருந்த நிலையிலேயே நின்றுவிடும். அப்படிப்பட்ட பல் சில வருடங்களுக்குப் பிறகு ஒரு சின்ன அடியில் கழுத்தோடு முறிந்துபோவதை நான் பார்த்திருக்கிறேன். பதினைந்து வயதில் முன்பல்லை இழக்கும் பிள்ளைக்கு, தாடை வளர்ச்சி முடியும் வரை இம்பிளான்ட் என்ற செயற்கைப் பல்வேர் வைக்கவும் முடியாது. ஆகவே, அந்த மருத்துவர் காப்பாற்றியது உடைந்த பல்லை மட்டுமல்ல. அந்தப் பல் இன்னும் வளர்வதற்கான வாய்ப்பையும் சேர்த்துத்தான்.

அவர் செய்த முறைக்குப் பகுதிப் பல்பாட்டமி என்று பெயர். திறந்துபோன இடத்தில் அழற்சி கண்ட மேற்பகுதியை மட்டும், ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் ஆழத்துக்கு, தண்ணீர் பீய்ச்சியபடி வைரமுனைக் கருவியால் மெல்ல நீக்குவார்கள். பிறகு ஈரப் பஞ்சை வைத்துச் சில நிமிடங்கள் காத்திருப்பார்கள். அந்தச் சில நிமிடங்கள்தான் சிகிச்சையின் முக்கியமான கட்டம். பஞ்சை எடுக்கும்போது இரத்தம் நின்று, திசு இளஞ்சிவப்பாக, ஈரமாக, அமைதியாக இருந்தால் கீழே உள்ளது ஆரோக்கியமானது என்று பொருள். நிற்காமல் கசிந்துகொண்டே இருந்தால் இன்னும் கொஞ்சம் கீழே போக வேண்டும். இந்த முறையைப் பரவலாக்கியவர் ஸ்வீடனில் பணியாற்றிய மியோமிர் ட்ஸ்வெக் என்ற பல் மருத்துவர். விபத்தில் உடைந்து நரம்பு வெளியே தெரிந்த 60 முன்பற்களுக்கு இப்படிச் சிகிச்சை செய்து, அவற்றில் 96 விழுக்காடு குணமானதை அவர் 1978இல் வெளியிட்டார். எனவே உங்கள் மகனுக்கு நடந்தது நேற்று வந்த சோதனை முயற்சி இல்லை. அடித்தளம் ஐம்பது ஆண்டுப் பழக்கம். மேலே வைத்த பொருள் மட்டுமே புதியது.

ட்ஸ்வெக் வைத்தது கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நீற்றிய சுண்ணாம்பு. 1920இல் ஜெர்மனியில் ஹெர்மன் என்பவர் பல் சிகிச்சைக்குள் கொண்டுவந்த பொருள் அது. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு நாக்கைப் பொத்துவிடும் என்பது நம் வீட்டுப் பாட்டிகளுக்குத் தெரியும். அந்தக் காரத்தன்மைதான் கிருமியைக் கொன்று, நரம்பைத் தூண்டி, காயத்தின்மேல் டென்டினாலான ஒரு பாலத்தைக் கட்டவைக்கிறது. ஆனால் சுண்ணாம்புக்கு இரண்டு குறைகள் உண்டு. அது பல்லோடு ஒட்டுவதில்லை, காலப்போக்கில் கரைந்து அடியில் வெற்றிடம் விழுந்துவிடும். அது கட்டவைக்கும் பாலத்திலும் பல நேரங்களில் நுண்ணிய துளைகள் இருக்கும். மேலே உள்ள அடைப்பு எப்போதாவது கசிந்தால், கிருமிகள் அந்தத் துளைகள் வழியே இறங்கிவிடும்.

அந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் நீங்கள் கேட்கும் சிமெண்ட். கலிஃபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் மஹ்மூத் தொராபினெஜாதும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய, இந்த வகைச் சிமெண்டுகளின் முன்னோடியான எம்டிஏ என்ற பொருளைப் பற்றிய முதல் ஆய்வு 1993இல் வந்தது. அவர்கள் முதலில் தேடியது வேரில் தவறுதலாக விழுந்த துளையை அடைப்பதற்கும், அறுவையின்போது வேர்நுனியை மூடுவதற்கும் ஒரு பொருளைத்தான். இரத்தமும் நீரும் ஊறும் இடத்தில் உறைந்து இறுகக்கூடிய ஒன்று அவர்களுக்குத் தேவைப்பட்டது.

இங்கேதான் உங்கள் அண்ணி சொன்னதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது; மறைக்க வேண்டியதில்லை. முதல் எம்டிஏயின் முக்கால் பங்கு போர்ட்லண்ட் சிமெண்ட் வகையைச் சேர்ந்ததுதான். 1824இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரைச் சேர்ந்த ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை வாங்கிய, நம் வீவக அடுக்குமாடி வீடுகளின் தூணிலும் தளத்திலும் இருக்கிற அதே குடும்பம். அதனுடன் 20 விழுக்காடு பிஸ்மத் ஆக்சைடு, 5 விழுக்காடு ஜிப்சம். எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரிவதற்காகத்தான் பிஸ்மத். சிமெண்டைச் சிமெண்டாக்குவது ட்ரைகால்சியம் சிலிகேட் என்ற சேர்மம். அது இரண்டிலும் உண்டு. ஆனால் உறவு அவ்வளவோடு நின்றுவிடுகிறது. கட்டடச் சிமெண்டில் ஆர்செனிக் போன்ற உலோகங்கள் எவ்வளவு கலந்திருக்கின்றன என்பதை யாரும் பல்லை நினைத்துக் கட்டுப்படுத்துவதில்லை, துகள்களும் பெரியவை, கிருமி நீக்கமும் கிடையாது. பல்லுக்கான சிமெண்ட் மருத்துவப் பொருளாகத் தயாரித்துச் சோதித்து விற்கப்படுவது. இப்போது வரும் பல வகைகளில் சுண்ணாம்புக்கல்லை எரித்தெடுத்த சிமெண்டே இல்லை, தூய மூலப்பொருள்களிலிருந்து ஆய்வுக்கூடத்தில் தயாரித்த சிலிகேட்தான். வீட்டு உப்பும் சலைன் பாட்டிலில் இருக்கும் உப்பும் ஒரே சேர்மம். அதற்காகச் சமையலறை உப்பைக் கரைத்து யாரும் நரம்பில் ஏற்றுவதில்லை.

ஊரில் வீடு கட்டும்போது, புதிதாக வார்த்த தூணுக்குச் சாக்கைச் சுற்றி நாள்தோறும் தண்ணீர் ஊற்றுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை; நீரைக் குடித்துத்தான் இறுகுகிறது. காய்ந்துவிட்டால் பொரிந்துபோகும். பல்லுக்குள்ளும் அதுவேதான் நடக்கிறது. சாதாரணமாகப் பல் அடைக்க வைக்கும் வெள்ளைப் பிசினுக்கு ஈரம் எதிரி, ஒரு துளி இரத்தம் பட்டாலும் ஒட்டாது. இந்தச் சிமெண்டுக்கோ ஈரம் வேண்டும்; திசுவிலிருந்தும் பல்லின் நுண்குழல்களிலிருந்தும் வரும் நீரை எடுத்துக்கொண்டு அது இறுகுகிறது. இறுகும்போது ஒரு பகுதி சிலிகேட் ஜெல்லாகவும், மறு பகுதி கால்சியம் ஹைட்ராக்சைடாகவும் மாறுகிறது. ஆக, பழைய சுண்ணாம்பின் வேலையை இது உள்ளிருந்தே செய்கிறது. கலந்தவுடன் காரத்தன்மை பிஎச் 10க்குச் சற்று மேலே இருக்கும், சில மணி நேரத்தில் 12.5 வரை ஏறும். அந்தக் காரத்தில் பெரும்பாலான கிருமிகள் பிழைப்பதில்லை. வெளிவரும் கால்சியம், உடல் நீரில் இருக்கும் பாஸ்பேட்டோடு சேர்ந்து, சிமெண்டின் மேற்பரப்பில் ஹைட்ராக்சிஅபடைட் படிகங்களாக உருவாகிறது. நம் எலும்பும் பல்லும் எந்தக் கனிமத்தால் ஆனவையோ அதே வகைக் கனிமம் அது. இத்தகைய சிமெண்டுக்குச் சொல்லப்படும் பயோஆக்டிவ், அதாவது உயிர்த்திசுவோடு வினைபுரிவது, என்ற பெயருக்கு உண்மையான பொருள் இதுதான். இதன் அடியில் வளரும் டென்டின் பாலம் சுண்ணாம்பின் அடியில் வளர்வதைவிடத் தடிப்பாகவும் துளை குறைந்ததாகவும் இருப்பதை நுண்நோக்கியில் பார்த்தே சொல்கிறார்கள்.

நான் பயிற்சி பெற்ற காலத்தில் எம்டிஏயைக் கண்ணாடிப் பலகையில் கையால்தான் குழைப்போம். மூன்று பங்கு தூளுக்கு ஒரு பங்கு கிருமி நீக்கிய நீர். பதம் வந்துவிட்டதா என்று பார்ப்பது புட்டுக்கு மாவு பிசிறுவது போலத்தான்: பிடித்தால் பிடிபட வேண்டும், விட்டால் உதிர வேண்டும். நீர் கொஞ்சம் கூடினால் கஞ்சியாகிவிடும், குறைந்தால் மணலாக உதிரும். அதைச் சிறு குழல் போன்ற கருவியில் அள்ளி, நோயாளியின் பல்லில் ஒரு மில்லிமீட்டர் குழிக்குள் கை நடுங்காமல் வைக்க வேண்டும். பிறகு மேலே ஈரப் பஞ்சு, தற்காலிக அடைப்பு, மறுபடி ஒரு நாள் வரச் சொல்லுதல். அது இறுக ஏறத்தாழ 2 மணி 45 நிமிடம் ஆகும், நாற்காலியில் யாரையும் அவ்வளவு நேரம் வாயைத் திறந்தபடி வைத்திருக்க முடியாதல்லவா? பின்னால் பிரான்ஸிலிருந்து வந்த பயோடென்டின் என்ற சிமெண்ட், கால்சியம் குளோரைடு சேர்த்த திரவத்தால் சுமார் 12 நிமிடத்தில் இறுகிவிடுகிறது. இப்போது பலரும் பயன்படுத்துவது முன்பே குழைத்து ஊசிக்குழலிலோ சிறு டப்பாவிலோ வரும் வகை. கொழுக்கட்டை மாவு போல உருட்டி வைக்கலாம். ஒரே நாளில் சிமெண்டும் வைத்து உடைந்த துண்டையும் ஒட்டி உங்களை வீட்டுக்கு அனுப்ப முடிந்தது இந்த வளர்ச்சியால்தான்.

மருத்துவரிடம் நீங்கள் மறக்காமல் கேட்க வேண்டிய ஒன்று, வைத்த சிமெண்டில் பிஸ்மத் இருக்கிறதா என்பது. முன்பல் என்பதால் இதை வலியுறுத்துகிறேன். பல வருடங்களுக்கு முன், நான் அப்போது வேலை பார்த்த ஒரு மருந்தகத்தில், கல்யாணத்துக்கு நாள் குறித்திருந்த ஒரு பெண்ணின் முன்பல்லில் அன்று கிடைத்த வெள்ளை எம்டிஏயை வைத்தேன். வெள்ளை என்று பெயர் இருந்ததால் நிறம் மாறாது என்று நம்பினேன். சிகிச்சை பலித்தது, பல் உயிரோடு இருந்தது. ஆனால் ஓராண்டுக்குள் ஈறோரம் சாம்பல் நிறத்தில் ஒரு நிழல் விழுந்துவிட்டது. அந்தப் பெண் திருமணப் படங்களில் உதட்டை மூடியே சிரித்திருந்தார். அதை என்னிடம் காட்டியபோது எனக்கு ஏற்பட்ட வருத்தம் இன்னும் போகவில்லை. பிஸ்மத் ஆக்சைடு, பல்லைக் கழுவப் பயன்படும் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல் பட்டால் கறுத்துவிடும் என்பது பிறகே எங்களுக்கெல்லாம் தெளிவானது. இப்போதைய வகைகளில் பிஸ்மத்துக்குப் பதிலாக சிர்கோனியம் ஆக்சைடோ டான்டலம் ஆக்சைடோ சேர்க்கிறார்கள், அவற்றில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. பல் விபத்துக்கான பன்னாட்டுச் சங்கம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டியும், நிறம் ஏற்றாத கால்சியம் சிலிகேட் சிமெண்டையே இத்தகைய முன்பற்களுக்குப் பரிந்துரைக்கிறது. உங்கள் மருத்துவர் பயோசெராமிக் என்ற சொல்லைப் பயன்படுத்தியிருப்பதால் புதிய வகையாகவே இருக்க வாய்ப்பு அதிகம். ஆனாலும் பொருளின் பெயரைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் கழித்து வேறொரு மருத்துவர் அந்தப் பல்லைத் தொட நேர்ந்தால் அந்தப் பெயர் அவருக்கு உதவும்.

இவ்வளவு சொன்ன பிறகும், சிமெண்டே பல்லைக் குணமாக்கியது என்று நீங்கள் எண்ணிவிடக் கூடாது. 1965இல் ககேஹாஷி என்பவரும் அவருடன் பணியாற்றியவர்களும் எலிகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். பல்லைத் துளைத்து நரம்பைத் திறந்து, எந்த மருந்தும் வைக்காமல், தின்ற உணவு அதில் சேரும்படி அப்படியே விட்டார்கள். சாதாரண எலிகளின் நரம்பு செத்துச் சீழ்பிடித்தது. கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த எலிகளுக்கோ, மருந்து ஏதும் இல்லாமலே டென்டின் பாலம் வளர்ந்து துளை மூடிக்கொண்டது. கிருமி அண்டாவிட்டால் நரம்பு தன்னைத்தானே குணமாக்கிக்கொள்ளும் என்பதை அந்த எலிகள் காட்டிவிட்டன. ஆகவே சிகிச்சையின்போது பல்லைச் சுற்றி ரப்பர் உறை போட்டார்களா, மேலே ஒட்டிய துண்டின் விளிம்பு இறுக்கமாக இருக்கிறதா என்பவை, எந்த நிறுவனத்தின் சிமெண்ட் என்பதைவிட முக்கியமானவை. மகனின் பல்லில் ஒட்டிய கோடு நாளடைவில் பழுப்பாகத் தெரிந்தாலோ, நகத்தில் தட்டுப்பட்டாலோ, வலி இல்லை என்று விட்டுவிடாமல் காட்டிவிடுங்கள். பேனா மூடி கடிப்பதையும், ஐஸ் கட்டியை முன்பல்லால் உடைப்பதையும் அவன் நிறுத்தியாக வேண்டும்.

உங்கள் மாமியாரின் சந்தேகத்துக்கு இடமிருக்கிறது. போன் சைனா எனப்படும் கோப்பைகளில் மாட்டெலும்புச் சாம்பல் சேர்ப்பது உண்மைதான். தாடை எலும்பை நிரப்பச் சில அறுவைகளில் வைக்கும் பொருள்களிலும் மாடு, பன்றி ஆகியவற்றின் எலும்பிலிருந்து எடுத்தவை உண்டு. அவற்றை வைக்கும் முன் சைவர்களிடமும் முஸ்லிம்களிடமும் கேட்டுக்கொள்வது எங்கள் கடமை. இந்தச் சிமெண்ட் அந்த வகை இல்லை. கால்சியம் சிலிகேட், சிர்கோனியம் ஆக்சைடு, கால்சியம் கார்பனேட் எல்லாமே கனிமங்கள். இங்கே செராமிக் என்பது உயர்வெப்பத்தில் உருவாகும் உலோகமல்லாத கனிமப்பொருள் என்ற பொருளில் வருகிறது. அவர் மனநிம்மதிக்காகத் தயாரிப்பாளரின் பொருள்விவரத் தாளை மருந்தகத்தில் கேட்டு வாங்கிப் படித்துக் காட்டலாம்.

இனி உங்கள் கடைவாய்ப் பல். குளிர்ச்சி பட்டால் சுரீர் என்று, சில விநாடிகளில் போய்விடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சில விநாடிகள் எனக்கு நம்பிக்கை தருகின்றன. நரம்பு எரிச்சலடைந்திருக்கிறது, ஆனால் மீளக்கூடிய நிலையில் இருக்கிறது என்பதற்கான அடையாளம் அது. குளிர்ச்சி நீங்கிய பிறகும் நிமிடக்கணக்கில் வலி நின்றாலோ, தானாகவே வலி கிளம்பினாலோ, இரவில் தூக்கத்தைக் கெடுத்தாலோ, சூடான தேநீர் பட்டுத் துடித்தாலோ கதை வேறு. அப்படிப்பட்ட பற்களிலும் மேற்பகுதி நரம்பை முழுவதும் எடுத்துவிட்டு இதே சிமெண்டை வைத்துக் காப்பாற்ற முடிகிறது என்று அண்மைக்கால ஆய்வுகள் காட்டினாலும், அங்கே நான் கூடுதல் எச்சரிக்கையோடுதான் பேசுவேன். உங்களுக்கு அந்த அறிகுறிகள் எதுவும் இல்லை. நரம்புக்கு மிக அருகில் இருக்கும் சொத்தையைக் கடைசி இழை வரை சுரண்டாமல், ஆழத்தில் கொஞ்சம் விட்டு, மேலே இறுக மூடிவிடுவதே இன்று பலரும் விரும்பும் முறை. சுற்றியுள்ள விளிம்பு மட்டும் முற்றிலும் சுத்தமாக இருக்க வேண்டும். அப்படிச் சுத்தம் செய்யும்போது நரம்பு தெரிந்துவிட்டால், இரத்தம் நிற்கிறதா என்று பார்த்து, சிமெண்டை வைப்பார்கள்.

செலவைப் பற்றி நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் கடிதத்தின் வரிகளுக்கிடையே அந்தக் கவலை தெரிகிறது. கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை என்றால் அதோடு முடியாது, பெரும்பாலும் மேலே ஒரு உறையும் போட வேண்டும், இரண்டும் சேர்ந்தால் ஆயிரக்கணக்கான வெள்ளி ஆகிவிடலாம். சிமெண்ட் வைத்து அடைப்பது அதைவிட மிகக் குறைவு. மெடிசேவ் மருத்துவச் சேமிப்பைப் பல்லுக்குப் பொதுவாக அறுவை சார்ந்த சிகிச்சைகளில்தான் எடுக்க முடியும். நரம்பைக் காக்கும் இந்த அடைப்பு அதில் வராது. அரசாங்கக் கட்டணக் கழிவுக்கான சாஸ் அட்டை இருந்தால் எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு கழியும் என்பதைச் சிகிச்சைக்கு முன்பே மருந்தகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் மலிவு என்பதற்காக மட்டும் இதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பலிக்காமல் போனால் வேர் சிகிச்சைக்குத்தான் வர வேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்தே முடிவெடுங்கள். என் சொந்த அக்கா இதே நிலையில் வந்திருந்தால், முதலில் நரம்பைக் காப்பாற்றத்தான் முயன்றிருப்பேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். பயோஆக்டிவ் என்ற சொல் இப்போது எல்லா டப்பாக்களிலும் ஏறிவிட்டது. கொஞ்சம் கால்சியமோ ஃபுளோரைடோ வெளிவிடும் சாதாரண அடைப்புப் பொருளுக்கும் அந்தப் பெயரை வைக்கிறார்கள். விளக்கொளி பட்டதும் இறுகும் பிசின் கலந்த சிலிகேட் வகையும் உண்டு. வைப்பதற்குச் சுலபம், ஆனால் அது வெளிவிடும் கால்சியம் குறைவு, பிசினும் நரம்புக்கு உகந்ததில்லை. நரம்பு வெளியே தெரியாத குழியில் அதை வைப்பதற்கு எனக்கு மறுப்பில்லை. திறந்த நரம்பின்மேல் நேரடியாக வைப்பதற்கு, நீரால் இறுகும் கால்சியம் சிலிகேட்டைத்தான் நான் எடுப்பேன். உங்கள் மருத்துவரிடம், “நீரில் இறுகும் வகையா, ஒளியில் இறுகும் வகையா?” என்று கேளுங்கள். நல்ல மருத்துவர் இந்தக் கேள்வியால் மனம் கோணமாட்டார்.

கடைசியாக ஜூன் பயணம். இத்தகைய பல்லை ஆறு முதல் எட்டு வாரத்திலும், மூன்று, ஆறு, பன்னிரண்டு மாதங்களிலும் எக்ஸ்ரேயோடு பார்க்க வேண்டும். ஆறாம் மாதப் படத்துக்குத் தனி மதிப்பு உண்டு: சிமெண்டுக்குக் கீழே பாலம் வளர்ந்திருப்பது அதற்குள் பெரும்பாலும் தெரிந்துவிடும், பக்கத்துப் பல்லோடு ஒப்பிட்டு வேர் நீண்டிருக்கிறதா, சுவர் தடித்திருக்கிறதா என்றும் பார்க்கலாம். இரண்டு பற்களின் வேரும் ஒரே அளவில் வளர்ந்துகொண்டிருந்தால் அதைவிட நல்ல செய்தி வேறில்லை. இந்த நரம்பு பெரும்பாலும் சத்தமில்லாமல்தான் சாகும், வலிக்கவில்லை என்பது சான்றாகாது. ஆகவே தவிர்க்க வேண்டாம். அறிகுறி எதுவும் இல்லாதபோது இரண்டு மூன்று வாரம் முன்னே பின்னே ஆவதால் கெடுதி இல்லை என்பதால், மே கடைசி வாரத்திலேயே முடித்துவிட்டுப் போங்கள். ஏதேனும் மாற்றம் இருந்தால் பயணத்துக்கு முன்பே தெரிந்துவிடும். அப்போது இடம் கிடைக்காவிட்டால் ஜூலை முதல் வாரத்துக்கு இப்போதே பதிவு செய்துகொள்ளுங்கள், திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பள்ளி திறந்த பரபரப்பில் மறந்துபோகும்.

ஒருவேளை அந்த நரம்பு பிழைக்காமல் போனாலும் வழி அடைபட்டுவிடாது. திறந்திருக்கும் வேர்நுனியை நான்கைந்து மில்லிமீட்டர் தடிப்பில் இதே சிமெண்டால் அடைத்து வேர் சிகிச்சையை முடிக்கலாம். முன்பெல்லாம் அதற்காகச் சுண்ணாம்பை மாதக்கணக்கில், சில நேரம் ஓராண்டுக்கு மேலும், மாற்றி மாற்றி வைத்துக் காத்திருந்தோம், அவ்வளவு காலம் சுண்ணாம்பு இருந்தால் வேரே பலவீனமாகும் என்பது பிறகு தெரியவந்தது. இப்போது அது ஓரிரு வருகையில் முடிகிற வேலை.

திருச்சியில் இருக்கும்போது, மகனின் அந்தப் பல்லுக்கு மேலே ஈறில் பரு போல ஏதும் எழுந்தாலோ, உதடு வீங்கினாலோ, பல் ஆடினாலோ, சாம்பல் நிறமாகத் தொடங்கினாலோ, சிங்கப்பூர் திரும்பும் வரை காத்திராமல் அங்கேயே ஒரு பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். புறப்படும் முன் டிசம்பர், பிப்ரவரி, மார்ச் எக்ஸ்ரேக்களின் நகலையும், சிமெண்டின் பெயரையும், எந்தத் தேதியில் எவ்வளவு ஆழத்துக்கு நரம்பு எடுக்கப்பட்டது என்ற குறிப்பையும் மருந்தகத்தில் கேட்டு உங்கள் கைபேசியில் சேமித்துக்கொள்ளுங்கள். அவை இருந்தால், அங்குள்ள மருத்துவர் எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும் அந்தச் சிமெண்டைப் பார்த்தவுடன் என்ன சிகிச்சை நடந்திருக்கிறது என்று புரிந்துகொண்டு மேற்கொண்டு செய்வார்.